இருமல் நின்றுவிட்டது, இனி கடலுக்குப் போகலாமா?

தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கம் இது:

கணவருக்கு 36 வயது. கொச்சியிலிருந்து தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போகும் ஆழ்கடல் விசைப்படகில் வேலை பார்க்கிறார். வளைகுடாவில் ஒரு போட்டில் வேலைக்கு விசா வந்து மெடிக்கலுக்குப் போனபோது, எக்ஸ்ரேயைப் பார்த்து ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்ததில் டிபி என்று தெரிந்தது. டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. எடை 52 கிலோ. ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் நான்கு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது இருமல் இல்லை, பசி எடுக்கிறது. ஆனால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, மூட்டு வலிக்கிறது. ஜூலை 31-ல் மீன்பிடித் தடை முடிந்ததும் முதல் தங்கலுக்குப் போகாவிட்டால் போட்டில் தன் இடம் போய்விடும் என்றும், மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். இன்னொரு சென்டரில் ‘ஃபிட்’ வாங்கித் தர ஏஜென்ட் பணம் கேட்கிறார். மாமியார் மகனுக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக்கிவிட்டு, நான்கு வயதுப் பையனை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எட்டு மாதக் கைக்குழந்தைக்கு இந்தப் பெண் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்கா டிபிக்கான உதவியை நிறுத்திவிட்டது என்று செய்தியில் கேட்டதால், மாத்திரை பாதியில் நின்றுவிடுமோ, ப்ரைவேட்டில் வீரியமான மருந்து வாங்கி வைக்கலாமா என்ற பயமும் இருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிற கிருமி என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலேயே பெரிய நல்ல செய்தி. இந்த வகை டிபி ஆறு மாதத்தில் முழுமையாகக் குணமாகும். உங்கள் கணவர் திரும்பவும் கடலுக்குப் போவார். ஆகஸ்ட் 1-ஆம் தேதியே போக வேண்டுமா என்பதில்தான் நான் அவரோடு உடன்படவில்லை.

நீங்கள் கேட்டிருக்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். கடலும் கல்ஃபும் சில நாள் பொறுக்கும். உங்கள் இரண்டு பிள்ளைகளும் பொறுக்கக் கூடாது. கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரியில் வந்தவர்களை முதலில் பார்ப்போம்.

பிள்ளைகளுக்கு இந்த வாரமே பரிசோதனை

டிபி காற்றில் பரவுவது. மருந்து தொடங்குவதற்கு முன்பு, அவர் இருமிக்கொண்டிருந்த வாரங்களில் ஒரே அறையில் படுத்த எல்லோரும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறீர்கள். பையனை இப்போது அனுப்பியது தாமதமாகப் போட்ட தடுப்பு. கிருமி உள்ளே போயிருந்தால் அது அப்போதே போயிருக்கும். அத்தை வீட்டில் இருப்பதால் அவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்று நினைத்து, பரிசோதனையை விட்டுவிடுவதுதான் ஆபத்து. பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசி, குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய டிபியிலிருந்து பெருமளவு காக்கும்; டிபி வரவே வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதிலும் கைக்குழந்தைக்கு, உள்ளே போன கிருமி நோயாக மாறும் வேகம் பெரியவர்களைவிட அதிகம். இருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், ‘வீட்டில் அப்பாவுக்கு டிபி, பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும்’ என்று நேராகச் சொல்லுங்கள். இருமல், காய்ச்சல், எடை ஏறாமல் நிற்பது, முன்பு போல விளையாடாமல் சோர்ந்து கிடப்பது, கழுத்தில் நெறிகட்டுவது ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இல்லை என்று உறுதியானால், நோய் வராமலிருக்க ஐசோனியாசிட் மாத்திரையை ஆறு மாதம் தினமும் தருவார்கள். அளவு கிலோவுக்கு சுமார் 10 மில்லிகிராம், அதாவது எட்டுக் கிலோக் குழந்தைக்கு 80 மில்லிகிராம் அளவில் வரும். மாதாமாதம் எடை பார்த்து மருத்துவர் அதை மாற்றுவார். நோய் இல்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று வீட்டில் கேட்பார்கள். நோய் இல்லாதபோது கொடுத்தால்தான் அதற்குப் பயன்.

உங்களுக்கும் மாமியாருக்கும் அதே பரிசோதனை வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் சாப்பிடும் தடுப்பு மருந்தும் இருக்கிறது. நீங்கள் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்து அதன் வேலையைக் குறைத்துவிடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. டிபி பால் வழியாகப் போகாது.

இன்னொரு கூட்டத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. போன தங்கலில் அவரோடு ஒரே கேபினில் வாரக்கணக்கில் படுத்து எழுந்தவர்கள். வீட்டைவிட அங்கே காற்றோட்டம் குறைவு. அவர்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் கணவர் பெயரைச் சொல்லாமலே சுகாதாரப் பணியாளர் இதைச் செய்ய முடியும். பட்டியலை மட்டும் அவரிடம் கொடுங்கள்.

இருமல் நின்றால் பாதி வேலைதான் முடிந்தது

முதல் சில வாரங்களில் மருந்து கொல்வது, வேகமாகப் பெருகும் கிருமிகளை. இருமல் அடங்குவதும் பசி திரும்புவதும் அதனால்தான். நுரையீரல் திசுவுக்குள் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும் கிருமிகள் இன்னும் சாகவில்லை. அவற்றை முடிக்கத்தான் மீதி மாதங்கள். ரிஃபாம்பிசின் வருவதற்கு முன்பு இதே நோய்க்கு ஒன்றரை வருடம் வரை மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நம் சென்னையிலும் நடந்த ஆய்வுகள்தான் அதைப் படிப்படியாக ஆறு மாதத்துக்குக் குறைத்தன. அதற்குக் கீழே இழுத்துப் பார்த்தபோது நோய் திரும்பியது. ஆறு மாதம் என்பது அப்படி அளந்து பார்த்து வைத்த எல்லை.

பாதியில் நிறுத்தினால் மீதிக் கிருமி மீண்டும் பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகும். அப்படி வந்த டிபிக்கு மருந்து வேறு, பக்க விளைவு வேறு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து, 2024-ல் இந்திய அரசும் ஏற்ற புதிய முறையில் அதையும் ஆறு மாதத்தில் முடிக்க வழி வந்திருக்கிறது. ஆனாலும் அந்த மருந்துகளில் நரம்பு, ரத்தம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று எளிதாகக் குணமாகும் நோயை நாமே அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது.

கணக்கு இது: நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை 56 நாள், பிறகு மூன்று மருந்து சேர்ந்தது 112 நாள். 50 முதல் 64 கிலோ வரை எடை உள்ளவருக்குத் தினமும் நான்கு மாத்திரை. நான்கையும் ஒரே நேரத்தில், முடிந்தவரை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று பிரித்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு தேவையான உயரத்துக்கு ஏறாது. குமட்டினால் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுப் போடலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் வழக்கமான நான்கு மட்டும். எட்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

ஆரஞ்சு நிறச் சிறுநீர் ரிஃபாம்பிசினின் சாயம், பயப்பட ஒன்றுமில்லை. மூட்டுவலி பெரும்பாலும் அந்த நான்கு மருந்தில் ஒன்றான பைராசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றுவதால் வருவது. அந்த மருந்து முதல் 56 நாளோடு நின்றுவிடும், வலியும் குறையும். அதுவரை என்ன வலிமாத்திரை போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்க வேண்டாம். கை கால் மரத்தால் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) சேர்ப்பார்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் ஆரஞ்சைத் தாண்டிக் கடுந்தேயிலை நிறமாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிவப்பு, பச்சை விளக்கைப் பார்த்துப் படகு ஓட்டுகிறவருக்கு அந்தக் கடைசி அறிகுறியைத் தனியாகச் சொல்லி வையுங்கள். சாராயம் ஆறு மாதமும் கூடாது. கல்லீரலைத் தாக்கக்கூடிய மருந்துகள் மூன்று ஏற்கெனவே உள்ளே போகின்றன.

ஆகஸ்ட் 1 வேண்டாம், அடுத்த தங்கல் பார்க்கலாம்

அவருடைய 56 நாள் ஆகஸ்ட் முதல் வாரத்தையொட்டி முடிகிறது. அப்போது மறுபடி சளிப் பரிசோதனை. அதில் கிருமி இல்லை என்று வந்தால் மூன்று மருந்துக்கு மாறுவார். இன்னும் கிருமி தெரிந்தால் மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று திரும்பச் சோதிக்க வேண்டும். இந்தப் பரிசோதனையைத் தவறவிட்டுக் கடலில் நாற்பது நாள் இருந்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதே தெரியாமல் போகும். கரையிலிருந்து பல நாள் தூரத்தில் கண் மஞ்சளானால் என்ன செய்வீர்கள்?

ஆகவே முதல் தங்கலை விடச் சொல்கிறேன். போட் உரிமையாளரிடம் ‘நெஞ்சில் சளிக்கட்டு, ஆகஸ்ட் நடுவில் டெஸ்ட் இருக்கிறது, அடுத்த தங்கலுக்கு வருகிறேன்’ என்று சொன்னால் போதும். நோயின் பெயரைச் சொல்ல அவருக்குக் கட்டாயமில்லை. அதுவரை வலை வேலை, ஏலக் கூடத்துக் கணக்கு என்று கரையில் கிடைப்பதைச் செய்யட்டும். வருமான இழப்பு உண்மையானது, அதை நான் சிறிதாகப் பேசவில்லை.

பரிசோதனை சரியாக வந்த பிறகு போகலாம், ஏற்பாட்டோடு. தங்கல் 40 நாள் என்றால் படகு திரும்பத் தாமதமாகலாம் என்று 50 நாளுக்குக் கணக்குப் போடுங்கள்: 200 மாத்திரை. மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதுதான் வழக்கம் என்பதால், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே டிபி பிரிவில் பேசி மருத்துவர் ஒப்புதலோடு வாங்க வேண்டும். கடைசி நாளில் போய்க் கேட்டால் கிடைக்காது. அவ்வளவு தர முடியாது என்றால் குறுகிய தங்கலுக்குப் போகும் போட்டைத்தான் பார்க்க வேண்டும். அவருக்கு நிக்ஷய் (அரசின் டிபி நோயாளிகள் பதிவேடு) எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை போனிலும் ஒரு தாளிலும் எழுதி வைத்தால், கொச்சியிலோ மங்களூரிலோ கரையேறினாலும் அங்கே உள்ள அரசு மையத்தில் மாத்திரை வாங்கலாம்.

மாத்திரையைப் பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டக் கூடாது. ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் சேர்ந்த மாத்திரை ஈரக் காற்றில் கெட்டுப்போகும். பட்டையோடு, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், இன்ஜின் ரூமிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரண்டு டப்பாவாகப் பிரித்து வைத்தால் ஒன்று தண்ணீரில் போனாலும் மற்றது இருக்கும். படகில் தூக்கமும் வலை இழுப்பும் நேரங்கெட்டு வருவதால் ‘காலையில் போடுவேன்’ என்பது நடக்காது. போனில் ஒரே நேரத்துக்கு அலாரம் வைத்து, போட்டவுடன் காலியான பட்டையில் தேதி எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அந்தப் பட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

தட்டும் டம்ளரும்

மாமியாரின் பயம் புரிகிறது. அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியத்தில் (டிபிக்கென்றே இருந்த மருத்துவமனை) கொண்டுபோய் விடுவார்கள், வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அந்த வழக்கம் உலகம் முழுவதும் மாறியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வால்தான். 1956-ல் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை மாநில அரசும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள், பாதிப் பேரை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக வேலை செய்தார்கள். இருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. 1959-ல் முடிவு வெளியானது. டிபிக்கு வீட்டிலேயே சிகிச்சை என்று இன்று நாடுகள் பின்பற்றும் முறையின் வேர் அங்கே இருக்கிறது.

ஆகவே தட்டு, டம்ளர், பாய் தனியாக வேண்டியதில்லை. சோற்றிலோ துணியிலோ டிபி ஒட்டாது. கட்டுப்படுகிற கிருமி என்றால், ஒழுங்காக மருந்து சாப்பிட்ட இரண்டு வாரத்துக்குள் பிறருக்குப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அவர் அதைக் கடந்துவிட்டார். சன்னலைத் திறந்து வையுங்கள். இருமல் திரும்ப வந்தால் துணியால் வாயைப் பொத்தட்டும். பையனைப் பரிசோதனை முடித்து வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். உங்கள் சொல் எடுபடவில்லை என்றால் சுகாதாரப் பணியாளரை வீட்டுக்கு வரச் சொல்லி மாமியார் முன்னால் பேசச் சொல்லலாம். டிபியை அரசுக்குத் தெரிவிப்பது மருத்துவருக்குச் சட்டப்படி கடமை. ஊரிலும் பங்குக் கோயிலிலும் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கல்ஃப் மெடிக்கல்

இதில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளைகுடா நாடுகளின் மெடிக்கல் விதியில் நடப்பு டிபிக்கு மட்டும் இல்லை, எக்ஸ்ரேயில் தெரியும் பழைய தழும்புக்கும் அன்ஃபிட் போடுவது வழக்கம். முழுதாகக் குணமாகி, யாருக்கும் பரவாத நிலையிலும் தழும்பு இருக்கலாம். மருத்துவ ரீதியில் இது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் ஒரு நாடு யாரை உள்ளே விடுவது என்று தன் சட்டத்தில் வைத்துக்கொள்வதை நாம் இங்கிருந்து மாற்ற முடியாது.

ஏஜென்ட் சொல்லும் ‘ஃபிட்’டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். முடிவு பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் பதிவாகிறது. அதையும் தாண்டிப் போனாலும் அங்கே இறங்கியதும் இகாமாவுக்கு (தங்கும் அனுமதி அட்டை) மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள். கொடுத்த பணமும் போய், மருந்தும் நடுவில் அறுந்து, கடனோடு வந்து நிற்க வேண்டியிருக்கும். அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். ஏற்கெனவே கொடுத்த தொகைக்கு ரசீது கேளுங்கள்; விசா நடக்காததால் அதைத் திருப்பித் தரும்படியும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதே தளத்தில் புகார் செய்யலாம், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதலாம்.

எல்லா நாடும் இப்படி இல்லை. பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கும் டிபி பரிசோதனை உண்டு. நோய் இருந்தால் சிகிச்சை முடித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். அதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாத்திரை நின்றுவிடுமா?

நீங்கள் கேட்ட செய்தி பொய்யில்லை. டிபிக்காக நாடுகளுக்கு வரும் வெளிநாட்டு உதவியில் சுமார் கால்பங்கை அமெரிக்கா நேரடியாகக் கொடுத்துவந்தது. 2025-ல் அதை வெட்டியபோது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரிசோதனையும் மருந்து வினியோகமும் அடிவாங்கின. இந்த நோயால் 2024-ல் மட்டும் உலகில் சுமார் 12.3 லட்சம் பேர் இறந்தார்கள். நோய்ப்பட்டவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். அந்த வெட்டு எனக்குக் கவலை தருகிறது. ஆனால் உங்கள் கணவர் சாப்பிடும் முதல்நிலை மாத்திரைகள் இந்தியாவிலேயே தயாராகி, அரசின் பணத்தில் வாங்கப்படுபவை. அமெரிக்கச் செய்தியால் அவை நிற்காது.

தட்டுப்பாடு வேறு காரணத்தால் வரலாம். 2024-ல் கொள்முதல் தாமதத்தால் பல மாநிலங்களில் இருப்பு குறைந்து, மாநிலங்களே வாங்கிக்கொள்ளும்படி மத்திய அரசு கடிதம் எழுதியது. அதற்கு முன்னெச்சரிக்கை எளிது: கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். இல்லை என்று சொன்னால் திரும்பி வராமல், எந்த மையத்தில் இருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். 1800-11-6666 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். ப்ரைவேட்டில் ‘வீரியமான மருந்து’ என்று ஒன்று இல்லை. அங்கேயும் இதே நான்கு மருந்துதான். கடையில் தனித்தனியாக வாங்கி, அளவு குறைந்து, ஒன்று விட்டுப்போய் கெட்டுப்போவதே அதிகம்.

சாப்பாட்டுக்கு மாதம் ரூ.1,000 வீதம் அவர் வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2024 நவம்பருக்கு முன்பு அது ரூ.500 ஆக இருந்தது. வரவில்லை என்றால் கணக்கு எண் நிக்ஷயில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்ததாலேயே அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. விலை உயர்ந்த பவுடர் டப்பா வேண்டாம். சாளை, நெத்தோலி, முட்டை, கஞ்சியும் பயறும் போதும். மரச்சீனியால் (மரவள்ளிக் கிழங்கு) மட்டும் வயிறு நிரப்பாமல் அதோடு மீன் இருக்கட்டும். அதே சாப்பாடு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும், அவருக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஏறாவிட்டால் சர்க்கரைப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். டிபியோடு சர்க்கரை நோய் மறைந்திருப்பது நம் பக்கத்தில் நிறையவே பார்க்கக் கூடியது.

ஒரு ஃபைல் வாங்கி, மெடிக்கலில் எடுத்த முதல் எக்ஸ்ரே, சளி ரிப்போர்ட், ஆகஸ்டில் வரும் ரிப்போர்ட், மருந்து முடியும்போது எடுக்கும் எக்ஸ்ரே, சிகிச்சை முடித்ததற்கான சான்று எல்லாவற்றையும் அதில் வையுங்கள். நாளைக்கு எந்த நாட்டு மெடிக்கலிலும், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் அது பழையதா புதியதா என்று காட்ட அந்த ஃபைல்தான் இருக்கும். மருந்து முடிந்த பிறகு 6, 12, 18, 24 மாதங்களில் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். நோய் திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே திரும்பும். அந்த முதல் இரண்டு பரிசோதனையின்போது அவர் கரையில் இருக்கும்படி தங்கல் தேதிகளை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.